ஞாயிறு போக மீதி ஆறு நாள்: வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் வேத விளக்கக் கேள்விகள் குறைவு. அந்திக்கிறிஸ்து யார், ஆறாம் முத்திரை எப்போது உடையும் என்று கேட்கிறவர்கள் கொஞ்சம் ஓய்வெடுத்துக்கொண்டார்கள் போலிருக்கிறது. வந்ததெல்லாம் கடை, ஆபீஸ், கல்யாணம், அடுப்படி. எனக்குச் சந்தோஷம்தான். சிலர் பெயர் போட வேண்டாம் என்று கேட்டிருந்ததால் யாருக்குமே போடவில்லை, ஊர் மட்டும்.

கேள்வி (வாசகி, மார்த்தாண்டம்): மகனுக்குப் பெண் பார்த்திருக்கிறோம். சபைக்கு ஒழுங்காக வருகிற குடும்பம். நாங்கள் வாய் திறந்து எதுவும் கேட்கவில்லை. அவர்களாகவே "பிள்ளைக்குச் செய்ய வேண்டியதைச் செய்வோம்" என்று நகையும் ரொக்கமும் சொல்கிறார்கள். இது வரதட்சணை ஆகாதே? அவளுடைய அப்பா சொத்தில் அவளுக்கு வர வேண்டிய பங்குதானே?

பதில்: கேட்கவில்லை என்கிறீர்கள், நம்புகிறேன். உங்கள் பக்கத்தில் யாருமே கேட்க வேண்டியதில்லை, விஷயமே அங்கேதான் இருக்கிறது. மாப்பிள்ளை என்ன படித்திருக்கிறார், வெளிநாடா, அரசாங்க வேலையா என்று தெரிந்துவிட்டால் தொகை என்ன என்பது தரகருக்கும் தெரியும், பெண்ணின் சித்தப்பாவுக்கும் தெரியும், கோயிலில் உங்களுக்குப் பின் வரிசையில் உட்காருகிறவருக்கும் தெரியும். கேட்காமலே வந்து சேரும் அளவுக்கு ஒரு வழக்கம் ஊறிப்போன இடத்தில் சும்மா இருந்தாலே கேட்டதாகத்தான் ஆகும். "எங்களுக்கு வேண்டாம்" என்று வாய் விட்டுச் சொன்னால்தான் வேண்டாம் என்று அர்த்தம்.

"அவள் பங்குதானே" என்ற வாதத்துக்கு உங்கள் மாவட்டத்தில் ஒரு பழைய கதை உண்டு. கன்னியாகுமரி 1956 வரை திருவிதாங்கூரில், கடைசிச் சில வருஷம் திருவிதாங்கூர்-கொச்சியில், இருந்தது. அங்கே 1916-ல் வந்த கிறிஸ்தவ வாரிசுரிமைச் சட்டப்படி மகளுக்குக் கிடைப்பது மகன் பங்கில் கால்வாசி அல்லது 5,000 ரூபாய், இரண்டில் எது குறைவோ அது. கல்யாணச் சீரான ஸ்திரீதனம் கொடுத்தாகிவிட்டது என்றால் அதுவும் கிடையாது. ஆக, கல்யாணத்தில் கொடுப்பதைக் கொடுத்துக் கணக்கை முடித்துவிடுவார்கள். கோட்டயத்தைச் சேர்ந்த மேரி ராய் இதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போனார், 1986-ல் தீர்ப்பு வந்தது. 1925-ஆம் வருஷத்து இந்திய வாரிசுரிமைச் சட்டம்தான் செல்லும் என்றார்கள். அதன்படி அப்பா உயில் எழுதாமல் காலமானால் மகனுக்கும் மகளுக்கும் சமபங்கு. ஸ்திரீதனத்தைப் பங்காக நினைக்கும் பழக்கம் மட்டும் போகவில்லை, அந்தச் சட்டம் செத்து இத்தனை வருஷம் ஆகியும் உங்கள் கடிதத்தில் உட்கார்ந்திருக்கிறது.

இன்னொன்று. அப்பா உயிரோடு இருக்கும்போது கிறிஸ்தவப் பிள்ளைகளுக்கு அவர் சொத்தில் பிறப்புரிமை என்று எதுவும் இல்லை. அவர் விரும்பி மகளுக்குக் கொடுக்கலாம். அப்படிக் கொடுப்பதென்றால் அவள் பெயரில் பத்திரம் எழுதட்டும், அவள் பெயரில் வங்கியில் போடட்டும். அது எந்தத் தேதியில் நடந்தாலும் நிச்சயதார்த்தத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. இப்படிச் சொல்லிப் பாருங்கள். அந்த ரொக்கம் மண்டபத்துக்கும் பந்திக்கும் உங்கள் வீட்டு மாடிக்கும் போவதாக இருந்தால் அது அவள் பங்கு இல்லை என்பது சொன்ன நிமிஷமே தெரிந்துவிடும்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். 1961-ஆம் ஆண்டு வரதட்சணைத் தடைச் சட்டப்படி வாங்குவது மட்டுமல்ல, கொடுப்பதும் குற்றம்தான்; தண்டனை 5 வருஷத்துக்குக் குறையாது. கேட்காமல் தரும் அன்பளிப்புகளுக்கு விலக்கு இருக்கிறது, ஆனால் அவை பட்டியல் போடப்பட வேண்டும், கொடுப்பவரின் வசதிக்கு மீறியதாக இருக்கக் கூடாது. கையில் வாங்கியது யாராக இருந்தாலும் கல்யாணமான 3 மாதத்துக்குள் அதைப் பெண்ணிடம் ஒப்படைக்க வேண்டும் என்றும் இருக்கிறது. எத்தனை மாமியார்களுக்கு இது தெரியும்?

கோயிலில் மூன்று ஞாயிறு ஓலை, அதாவது கல்யாண அறிவிப்பு, வாசிக்கிறார்கள், தடை சொல்ல யாராவது இருந்தால் சொல்லலாம் என்கிறார்கள். தொகை அதிகம் என்று இதுவரை யாரும் எழுந்து தடை சொன்னதில்லை. வேதத்தில் பார்த்தால் உழைத்தது மாப்பிள்ளைதான். யாக்கோபு ராகேலுக்காக ஏழு வருஷம் ஆடு மேய்த்தான், மாமனார் ஏமாற்றியதில் இன்னொரு ஏழு வருஷம். அதையும் நாம் முன்மாதிரியாக எடுத்துக்கொள்ளவில்லை, நல்லவேளை.

அம்மா, கடிதம் முழுக்க நீங்களும் அவர்களும்தான் பேசுகிறீர்கள். உங்கள் மகன் என்ன சொல்கிறார்? அவரை எங்கேயும் காணோமே.

கேள்வி (வாசகர், பாளையங்கோட்டை): இரவு குடும்ப ஜெபத்தில் பிள்ளைகள் தூங்கி விழுகிறார்கள். என்ன செய்வது?

பதில்: நீளத்தைக் குறையுங்கள். சாப்பாட்டுக்கு முன்னால் வையுங்கள். ஜெபத்துக்குள்ளே பிள்ளைகளின் மார்க்கைப் பற்றிக் கர்த்தரிடம் புகார் சொல்வதை நிறுத்துங்கள்.

கேள்வி (வாசகி, சென்னை): என் சம்பளம் 38,000 ரூபாய். பத்தில் ஒரு பங்கான தசமபாகத்தை மொத்தச் சம்பளத்தில் கணக்கிட வேண்டுமா, பிடித்தம் போகக் கைக்கு வருவதிலா? ஊரில் அப்பாவுக்கு மருந்து, டாக்டர் என்று மாதம் 6,000 அனுப்புகிறேன். அதனால் சில மாதம் காணிக்கை குறைகிறது. "முதல் பங்கைக் கர்த்தருக்குக் கொடுத்துவிடு, அப்பாவை அவர் பார்த்துக்கொள்வார்" என்கிறார் எங்கள் ஊழியக்காரர்.

பதில்: முதலில் மருந்து வாங்கி அனுப்புங்கள், தங்கையே.

மாற்கு 7-ஆம் அதிகாரம், 9 முதல் 13 வரை எடுத்துப் பாருங்கள். பெற்றோருக்குச் செய்ய வேண்டியதை "கொர்பான்", அதாவது காணிக்கையாக நேர்ந்தாயிற்று, என்று சொல்லிவிட்டால் அவர்களுக்கு ஒன்றும் செய்ய வேண்டியதில்லை என்று போதித்தவர்கள் அந்தக் காலத்திலேயே இருந்தார்கள். இயேசு அவர்களைப் பார்த்து, உங்கள் பாரம்பரியத்தால் தேவவசனத்தையே அவமாக்குகிறீர்கள் என்றார். உங்கள் ஊழியக்காரரை இந்தப் பகுதியை ஒரு ஞாயிறு சபையில் வாசிக்கச் சொல்லுங்கள். வாசிக்கும்போது அவர் முகத்தைப் பார்க்க ஆசையாக இருக்கிறது. பவுலும் தன் வீட்டாரை விசாரியாதவன் அவிசுவாசியிலும் கெட்டவன் என்று எழுதியிருக்கிறார், இதைவிடக் கடுமையாகச் சொல்ல முடியாது.

மொத்தமா, கைக்கு வருவதா என்ற கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை, வேதத்திலும் வருமான வரிப் பிடித்தம் பற்றி ஒரு வரி இல்லை. ஒற்தலாம் (புதினா), வெந்தயம், சீரகம் வரைக்கும் பத்தில் ஒன்று பிரித்துவிட்டு நீதியையும் இரக்கத்தையும் விட்டுவிட்டவர்களைப் பற்றி மத்தேயு 23-ல் இருக்கிறது. திருநெல்வேலிச் சீமையில் நம் பாட்டிமார் உலை வைக்கும்போது ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனிப் பானையில் போட்டுவைத்து ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குக் கொண்டு போவார்கள். அது எத்தனை சதவீதம் என்று யாரும் பார்க்கவில்லை. வீட்டில் அரிசி இல்லாத நாளில் பிடி அரிசியும் இல்லை. கொடுங்கள், கட்டாயம் கொடுங்கள், ஆனால் உங்கள் அப்பாவின் மாத்திரையைப் பாதியாக வெட்டிக் கொடுக்காதீர்கள்.

கேள்வி (வாசகர், திருச்சி): ஓர் அரசு அலுவலகத்தில் உதவியாளராக இருக்கிறேன். லஞ்சம் தொடுவதில்லை. சாயங்காலம் பங்கு பிரிக்கும்போது எழுந்து டீ குடிக்கப் போய்விடுவேன். என்னை "அல்லேலூயா" என்றுதான் கூப்பிடுகிறார்கள். இடம் மாற்றிவிடுவார்களோ என்று பயமாகவும் இருக்கிறது. நான் சாட்சியாகத்தான் இருக்கிறேனா?

பதில்: வாங்காமல் இருப்பது பெரிய விஷயம்தான், அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஒரு நாள் இல்லை இரண்டு நாள் இல்லை, தினமும் அந்த நாற்காலியிலிருந்து எழுந்து போவதற்கு முதுகெலும்பு வேண்டும்.

ஆனால் நீங்கள் டீ குடித்துவிட்டு வந்த பிறகு மேசையில் இருக்கிற ஃபைல் நகர்கிறதா? லஞ்சம் வாங்காத நம் ஆட்கள் சிலரிடம் ஒரு வியாதி உண்டு. நான்தான் வாங்குவதில்லையே, அப்புறம் எதற்கு அவசரம் என்று இருப்பார்கள். விதவை உதவித்தொகைக்கு மூன்று பஸ் மாறி வந்த அம்மா ஜன்னலுக்கு வெளியே நிற்பாள், இவர் "அடுத்த வாரம் வா" என்பார், குரலில் ஒரு எரிச்சல். அந்த அம்மாவுக்கு 500 வாங்கிக்கொண்டு அன்றைக்கே முடித்துக் கொடுத்த பக்கத்து மேசைக்காரர் நல்லவராகத் தெரிவார், அவளைக் குறை சொல்ல முடியுமா? நீங்கள் அப்படி என்று சொல்லவில்லை. அப்படி இல்லையென்றால் சாட்சி விஷயத்தில் கவலைப்படாதீர்கள், உங்கள் ஜன்னலுக்கு வருகிறவர்களுக்கு அது ஏற்கெனவே தெரியும்.

யோவான் ஸ்நானனிடம் வரி வசூலிக்கும் ஆயக்காரரும் போர்ச்சேவகரும் வந்து நாங்கள் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டார்கள். வேலையை விட்டுவிட்டு வனாந்தரத்துக்கு வாருங்கள் என்று அவர் சொல்லவில்லை. கட்டளையிட்டதற்கு மேல் வாங்காதீர்கள், சம்பளம் போதுமென்று இருங்கள் என்றார். அதே நாற்காலி, அதே வேலைதான். மாயூரம் வேதநாயகம் பிள்ளையை நாம் தமிழ் நாவலின் தொடக்கக்காரராகத்தான் பள்ளிக்கூடத்தில் படித்தோம். அவர் மாயவரத்தில் முன்சீபாக இருந்த கத்தோலிக்கர், லஞ்சத்தைத் திட்டிப் பாட்டே எழுதியவர். 1876-ல் தொடங்கிய தாது வருஷப் பஞ்சத்தில் கைப்பணத்தைப் போட்டுக் கஞ்சி ஊற்றினார். வாங்காமல் இருந்ததோடு நிற்கவில்லை என்பதற்காகத்தான் அவரைச் சொல்கிறேன்.

பயத்தைப் பற்றி: எழுந்து போவது சரி, ஆனால் உங்கள் கையெழுத்தைக் காட்டி மற்றவர்கள் வாங்குகிறார்களா என்று கவனியுங்கள். நீங்கள் டீக்கடையில் இருக்கும்போது "சார் கையெழுத்துக்கு இவ்வளவு" என்று யாராவது உங்கள் பெயரில் வசூல் செய்தால் மாட்டுவது நீங்கள்தான். விண்ணப்பம் வந்த தேதி, போன தேதி இரண்டையும் உங்கள் கைப்பட ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். இடமாற்றம் வந்தால் போங்கள். அந்த ஊரிலும் ஜன்னல் இருக்கும்.

கேள்வி (வாசகர், கோயம்புத்தூர்): லேத் பட்டறையில் வேலை. ஆயுத பூஜை அன்று முதலாளி எல்லா மெஷினுக்கும் சந்தனம் குங்குமம் வைத்துப் பொரி கடலை கொடுக்கிறார். வாங்கலாமா?

பதில்: சந்தைக்கு வந்த இறைச்சி எங்கே படைக்கப்பட்டது என்று துருவித் துருவி விசாரிக்காதீர்கள், அவிசுவாசி கூப்பிட்டால் போய் வைத்ததைச் சாப்பிடுங்கள் என்கிறது 1 கொரிந்தியர் 10. படைத்தது என்று ஒருவர் சொன்னால், சொன்னவர் நிமித்தம் சாப்பிடாதீர்கள் என்றும் அடுத்த வசனத்திலேயே இருக்கிறது. சீரியப் படைத்தலைவன் நாகமான் கதையும் உண்டு. எலிசா தீர்க்கதரிசி சொன்னபடி செய்து குஷ்டம் குணமாகி ஊர் திரும்பும்போது, என் ராஜா ரிம்மோன் கோயிலில் என் கையில் சாய்ந்து பணியும்போது நானும் குனிய வேண்டி வருமே, கர்த்தர் மன்னிப்பாரா என்று கேட்கிறான். எலிசா பெரிய பிரசங்கம் எதுவும் செய்யவில்லை. சமாதானத்தோடே போ என்றதோடு சரி.

உங்கள் மனசாட்சி இடம் கொடுத்தால் சாப்பிடுங்கள். கொடுக்கவில்லையென்றால் "எனக்கு வேண்டாம் முதலாளி, பழக்கம் இல்லை" என்று சிரித்த முகத்தோடு சொல்லுங்கள், பெரும்பாலான முதலாளிகள் புரிந்துகொள்வார்கள். கையில் வாங்கிக்கொண்டு அவர் கண் எதிரே குப்பைக் கூடையில் போடுவதுதான் கூடாது. அப்புறம், முந்தின நாள் மெஷினைத் துடைத்து எண்ணெய் போடுகிற வேலைக்கு "எங்களுக்கு அது விலக்கு" என்று சொல்லி நழுவாதீர்கள். அது பூஜை இல்லை, உங்கள் வேலை.

கேள்வி (வாசகி, தஞ்சாவூர்): எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்க வரும் அக்காவும் எங்கள் சபைதான். திருவிருந்தில் ஒரே பாத்திரத்தில் குடிக்கிறோம். வீட்டில் என் மாமியார் அவருக்குத் தனி டம்ளர் வைத்திருக்கிறார், ஜன்னல் மேடையில் கவிழ்த்து வைத்திருக்கும். எனக்கு உறுத்துகிறது. மாமியாரை எதிர்த்துப் பேசவும் முடியவில்லை.

பதில்: உங்கள் ஊரில் இந்த டம்ளருக்கு வயது அதிகம். 1833-ல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி வேறுபாடு இருக்கக் கூடாது என்று கடிதம் அனுப்பினார். தஞ்சாவூரிலும் சென்னை வேப்பேரியிலும் அதை ஏற்காமல் ஒரு கூட்டம் கோயிலை விட்டே வெளியேறியது. ஒன்றாக உட்காருவதைவிட ஆராதனையை விடுவது எளிதாக இருந்திருக்கிறது. திருச்சி மேலப்புதூரில் கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்துக்கு நடுவே ஒரு சுவர் எழுப்பி, செத்தவர்களைக்கூடப் பிரித்துப் படுக்க வைத்தார்கள். இதையெல்லாம் மற்றவர்கள் சொல்லும்போது நமக்குக் கோபம் வருகிறது, ஆகவே நாமே சொல்லிக்கொள்வது நல்லது.

மாமியாரோடு வாக்குவாதம் வேண்டாம். நாளைக்குக் காலையில் காப்பி ஆற்றுகிறவர் நீங்கள்தானே? எல்லோருக்கும் எடுக்கிற டம்ளரில் ஊற்றி, உள்ளே கூப்பிட்டு, உட்கார வைத்துக் கொடுங்கள். அதே டம்ளரில் நீங்களும் மறுநாள் குடியுங்கள். மாமியார் ஏதாவது சொன்னால், "தேய்த்துக் கழுவி வைக்கிறதே அந்த அக்காதானே அத்தை" என்று சொல்லுங்கள், அதற்கு மேல் பேச்சு நீளாது. ஜன்னல் மேடை டம்ளரை எங்காவது எடுத்து வைத்துவிடுங்கள். அந்த அக்காவிடம் போய் "பாருங்கள், நாங்கள் எல்லாம் சமம்" என்று விளக்க வேண்டாம், அவருக்குக் கூச்சமாகிவிடும்.

சம்பளம் எந்தத் தேதி கொடுக்கிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. கூலிக்காரனின் கூலி விடியும்வரை உன்னிடம் இருக்கக் கூடாது என்று லேவியராகமம் சொல்கிறது. அவர் கேட்டு வாங்குகிற நிலைமை இருந்தால் டம்ளரை மாற்றியும் பாதிதான் மாறியது.

கேள்வி (வாசகர், நாசரேத்): பலசரக்குக் கடை வைத்திருக்கிறேன். போர்டில் "கர்த்தர் பார்த்துக்கொள்வார்" என்று பெரிதாக எழுதியிருக்கிறேன். பில் போடாமல் விற்றால்தான் எதிர்க்கடையோடு தாக்குப்பிடிக்க முடிகிறது. இது பாவக் கணக்கில் வருமா?

பதில்: கர்த்தர் பார்த்துக்கொள்வார் என்று போர்டு வைத்துவிட்டு வணிகவரிக்காரர் பார்க்கக் கூடாது என்கிறீர்கள்.

விற்பனை வருஷத்துக்கு 40 லட்சத்துக்குள் என்றால் பொதுவாக ஜிஎஸ்டி பதிவே தேவையில்லை. அதற்கு மேல் ஒன்றரைக் கோடி வரை இணக்கத் திட்டத்தில் (காம்போசிஷன்) சேர்ந்தால் விற்பனையில் 1 சதவீதம் கட்டினால் போதும், வாடிக்கையாளரிடம் தனியாக வரி வசூலிக்கக் கூடாது, அவ்வளவுதான். ஒரு நல்ல கணக்கரைப் பாருங்கள். பாதிப் பேர் பாவத்துக்குள் போவது ஃபாரம் நிரப்பச் சோம்பல்பட்டுத்தான் என்பது என் அபிப்பிராயம்.

வரியைவிட எனக்கு உங்கள் தராசு மேல்தான் கண். "கள்ளத்தராசு கர்த்தருக்கு அருவருப்பானது" என்ற வசனத்தை ஏனோ யாரும் போர்டில் எழுதுவதில்லை. டப்பாவோடு, காகிதத்தோடு எடை போடாதீர்கள். தராசுக்கு முத்திரை போடும் தேதி தாண்டியிருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். கடையில் பெண்பிள்ளைகள் வேலை செய்தால் உட்கார இடம் இருக்கிறதா? 2021-லிருந்து தமிழ்நாட்டில் அது சட்டமே, காலை முதல் ராத்திரி வரை நிற்க வைத்துவிட்டுச் சாயங்காலம் கடையில் ஜெபம் வைத்தால் அந்தப் பிள்ளைகள் எப்படி ஆமென் சொல்லும்?

கேள்வி (வாசகர், மதுரை): எங்கள் வீட்டு மாடியில் வெள்ளிக்கிழமை ஜெபக் கூட்டம். பக்கத்து வீட்டுக்காரர் மைக் சத்தத்துக்குப் புகார் கொடுப்பேன் என்கிறார். இது உபத்திரவம்தானே?

பதில்: இல்லை. அவர் வீட்டில் பத்தாம் வகுப்புப் பிள்ளை இருக்கலாம், நைட் டியூட்டி முடித்து வந்தவர் இருக்கலாம். இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது என்று 2000-ஆம் ஆண்டு ஒலி மாசு விதிகள் சொல்கின்றன, மற்ற நேரத்திலும் அனுமதி வேண்டும். இருபது பேர் இருக்கிற மாடியில் மைக் எதற்கு? "உன் அறைவீட்டுக்குள் பிரவேசித்து, உன் கதவைப் பூட்டி" என்று இருக்கிறதே தவிர ஆம்ப்ளிஃபயரைப் போட்டு என்று இல்லை. அவர் வீட்டுக்கு நேரில் போய் மன்னிப்புக் கேளுங்கள், கிறிஸ்துமஸ் கேக்கோடு என்று டிசம்பர் வரை காத்திருக்க வேண்டாம்.

கேள்வி (வாசகர், விருதுநகர்): அண்ணனோடு வரப்புத் தகராறு. ஐந்து வருஷமாகப் பேச்சில்லை, இரண்டு பேரும் ஒரே கோயில். அவர் திருவிருந்துக்குப் போகும் வாரம் நான் போவதில்லை. வேதத்தின்படி யார் முதலில் போய்ப் பேச வேண்டும்? தப்பு அவர் மேல்தான்.

பதில்: உங்கள் பேரில் அண்ணனுக்குக் குறை இருந்தால் காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டு நீங்கள் போக வேண்டும், மத்தேயு 5. அண்ணன் உங்களுக்குக் குற்றம் செய்திருந்தால் நீங்கள் போய் அவரிடம் தனியாகப் பேச வேண்டும், மத்தேயு 18. எந்தப் பக்கம் திருப்பினாலும் உங்கள் பெயர்தான் வருகிறது. அவர் இதே கேள்வியை எழுதியிருந்தால் அவருக்கும் இதையேதான் சொல்லியிருப்பேன்.

போகும்போது சமாதானம் பேசப் பங்குத்தந்தையையோ சபைப் போதகரான சேகர ஐயரையோ மாமாவையோ கூட்டிக்கொண்டு போகாதீர்கள், முதல் தடவை தனியாகத்தான். பழைய கதையைத் தொடங்கினால் அம்மாவின் கம்மல் வரைக்கும் போகும், ஆகவே நிலத்தை மட்டும் பேசுங்கள். புல வரைபடம் வாங்கிப் பாருங்கள். அதிலும் ஒத்துப்போகவில்லையென்றால் அளந்து கல் போடச் சொல்லி நில அளவைக்கு விண்ணப்பம் கொடுக்கலாம், அளவையர் காட்டும் கோட்டை இரண்டு பேரும் ஏற்பதாக முன்கூட்டியே எழுதிக் கையெழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள். கட்டணத்தில் பாதியை அண்ணனிடம் கேட்காதீர்கள், நீங்களே கட்டிவிடுங்கள்.